பஞ்சவர்ணம் பேரில் ஒரு வண்டி

அன்பு மகளுக்கு,

உனக்கு வேலை ஆர்டர் வந்த அன்று புளிப் பேட்டையில் நான் போட்ட ஆட்டம் உனக்குத் தெரியாது. தெரிந்தவன், தெரியாதவன், மூட்டை தூக்குகிறவன், கடன் கேட்டு வந்தவன் எல்லோரையும் நிறுத்தி, என் மகள் கிராம நிர்வாக அலுவலர் ஆகிவிட்டாள் என்று சொல்லி, டீக்கடையில் இருந்த வடை முழுவதையும் வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். உன் அம்மா கேசரி கிண்டியிருந்தாள். அப்போது நீ பேச்சுவாக்கில் சொன்னாய்: "ஊரு புதுசு, ஆளு புதுசு. விசாரணைக்குப் போனா யாரு சொல்றது நெசம்னு எப்படிப்பா கண்டுபிடிக்கிறது? பரவாயில்ல, எல்லா ஊருலயும் ஒங்கள மாதிரி விவரமான ஆளு ஒருத்தரு இருப்பாரு. அவரக் கேட்டுக்கிறேன்." சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டாய். எனக்கு அதற்கு மேல் சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று எழுந்து கை கழுவினேன். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை, தாயி.

பத்தாவதோடு நின்றவன் நான். பில்லும் ரசீதும் தவிர வேறு எதையும் முழுப் பக்கம் எழுதியதில்லை. உன்னை எதிரே உட்கார வைத்துச் சொல்லிவிடலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன். வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதினால் அப்பாவைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் நீ மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவாய். அப்படி நடக்கக் கூடாது என்றுதான் எல்லோரும் படிக்கிற இடத்தில் போடச் சொல்லிக் கொடுக்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு. நான் செய்த காரியத்தைச் செய்தவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன் மட்டும் இல்லை. மற்றவர்களும் படிக்கட்டும்.

பஞ்சவர்ணத்தை உனக்கு நன்றாகத் தெரியும். ரெட்டியார்சத்திரம் பக்கம் நமக்குப் புளி தட்டிக் கொடுக்கிற பெண்களில் மூத்தவள். நீ சின்னப் பிள்ளையாக மூட்டை மேல் உட்கார்ந்து என்னோடு வரும்போதெல்லாம் உனக்கு வேர்க்கடலை அவித்து வைத்திருப்பாள். ஒருமுறை வண்டியில் திரும்பும்போது, "அந்த அக்கா வெரலு ஏம்ப்பா கறுப்பா வெந்துபோன மாதிரி இருக்கு?" என்று கேட்டாய். புளி பட்டால் கை சுத்தமாகும் என்று சொன்னேன். நீ நம்பிவிட்டாய். புளியின் அமிலம் விரல் நுனியைத் தின்றுவிடும், சோற்றைப் பிசைந்தால் எரியும், உப்பு பட்டால் உயிர் போகும். அது எனக்கு அப்போதே தெரியும். உன்னிடம் நான் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். சின்னப் பொய். அந்தப் பெண்ணைப் பற்றி உன்னிடம் சொன்ன பெரிய பொய்யைப் பின்னால் சொல்கிறேன்.

நம் தொழில் உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். மேலாகத்தான் தெரியும். மாசியில் தொடங்கிச் சித்திரை வரை புளி. நத்தம் பக்கமும் சிறுமலை அடிவாரத்திலும் மரத்தைக் குத்தகைக்கு எடுத்து, காயை உலுக்கி மூட்டை கட்டி, கிராமங்களில் வீடு வீடாக இறக்குவோம். பெண்கள் ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கொட்டையை எடுத்துக் கொடுப்பார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியை மாசியில் பேசினால் அவர்கள் ஏற்றிக் கேட்பார்கள், எல்லா வியாபாரிக்கும் அப்போது ஆள் வேண்டும். அதனால் நான் மாசியில் பேசுவதே இல்லை. கார்த்திகையில் பேசுவேன். அடைமழை, காட்டில் வேலை கிடையாது, கொத்தனாரும் சித்தாளும் வீட்டில் முடங்கிக் கிடப்பார்கள், அடுப்புக்கு விறகு நனைந்திருக்கும். அந்த நேரம் பார்த்துத் தெருவுக்குள் போய், "ஏம்மா, செலவுக்கு எதுவும் வேணுமா?" என்று அன்பாகக் கேட்பேன். ஐந்நூறோ ஆயிரமோ கையில் வைப்பேன். வாங்கியவள் மாசியில் எனக்குத்தான் தட்ட வேண்டும், நான் கார்த்திகையில் சொன்ன கூலிக்குத்தான் தட்ட வேண்டும். மொதலாளி மகராசன், மழை நேரத்தில் தேடி வந்து கொடுக்கிறார் என்று வாழ்த்துவார்கள். இந்த வித்தையை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. நானே கண்டுபிடித்தேன். இவ்வளவு நாளும் அதில் எனக்குப் பெருமைதான்.

வண்டிக் கதைக்கு வருகிறேன். நம் குட்டியானை வண்டியின் முன்கண்ணாடியில் உன் பெயரைப் பெரிதாக ஒட்டியிருக்கிறேன் அல்லவா, அதன் ஆர்சி புத்தகத்தில் இருப்பது பஞ்சவர்ணத்தின் பெயர். வசதியில்லாத வீட்டுப் பெண்கள் பேரில் தொழிலுக்கு வண்டி வாங்கினால் கடனில் ஒரு பங்கு மானியமாகக் கழியும் என்று ஒரு புரோக்கர் வந்து சொன்னான். நம்பிக்கையான ஒரு பெண் இருந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். நான் பஞ்சவர்ணத்தைத் திண்டுக்கல்லுக்குக் கூட்டி வந்து, நாலு இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன். "எதுக்கு மொதலாளி?" என்று ஒருமுறைதான் கேட்டாள். "வண்டி எடுக்குறோம்மா, சும்மா ஒம் பேருல. ஒனக்கு ஒண்ணும் வராது" என்றேன். பிரியாணி வாங்கிக் கொடுத்து, ஒரு சேலையும் எடுத்துக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். தவணை நான் கட்டினேன், வண்டி நான் ஓட்டினேன், மானியம் எனக்கு வந்தது. ஏழைக்கு வைத்த இலையில் நான் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று அப்போது தோன்றவில்லை. கெட்டிக்காரத்தனம் என்றுதான் தோன்றியது.

பிறகுதான் குடும்பத் தலைவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற மகளிர் உரிமைத் தொகை வந்தது. நீ அப்போது பரீட்சைக்குப் படித்துக்கொண்டு வீட்டில் இருந்தாய். பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டபோது, எழுதத் தெரியாத பெண்களுக்கு விண்ணப்பம் எழுதித் தருகிறேன் என்று நீயாகப் போய் உட்கார்ந்தாய். பஞ்சவர்ணத்தின் விண்ணப்பத்தையும் நீதான் எழுதினாய். நான்கு சக்கர வாகனம் உண்டா என்ற இடத்தில் அவளைக் கேட்காமலே 'இல்லை' என்று எழுதியிருப்பாய். ஓட்டு வீட்டில் தகரம் வைத்து அடைத்து வாழ்கிறவளிடம் கார் இருக்கிறதா என்று யார் கேட்பார்கள்? அவளுக்கும் அது தோன்றவில்லை. வண்டி மொதலாளியுடையது, தன் பெயர் சும்மா என்று நான் சொன்னதை அவள் அப்படியே நம்பியிருந்தாள்.

முதல் மாதம் பணம் வந்த அன்று நான் அந்தத் தெருவில்தான் இருந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் போன் ஒலிக்க ஒலிக்கப் பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். செல்லத்தாயி, பஞ்சவர்ணத்துக்கு அடுத்த வீட்டுக்காரி, வாய் கொஞ்சம் நீளம், குறுஞ்செய்தியைப் படிக்கத் தெரியாமல் என்னிடம் நீட்டினாள். ஆயிரம் வந்திருக்கிறது என்று படித்துச் சொன்னேன். "நெசமாவா? ஏம் பேருலயா? எங்க வீட்டு ஆளு போய்க் கேட்டாலும் குடுக்க மாட்டாகளா?" என்று மூன்று கேள்வி கேட்டாள். மாட்டார்கள் என்றேன். அந்த மூன்றாவது பதிலுக்குத்தான் அவள் முகம் மாறியது. பஞ்சவர்ணமும் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். அதில் வேறு செய்தி இருந்தது. நான்கு சக்கர வாகனம் வைத்திருப்பதால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. நான் படித்தேன். படித்துவிட்டு, இன்னும் வரவில்லை போலிருக்கிறது என்று சொல்லிப் போனைக் கொடுத்துவிட்டேன்.

அந்த ஆயிரம் என்ன செய்தது என்பதை உனக்குப் புத்தகத்தில் இருப்பதைவிட நான் நன்றாகச் சொல்வேன், ஏனென்றால் அது என் வியாபாரத்தில் கை வைத்தது. செல்லத்தாயி முதலில் காஸ் சிலிண்டர் நிரப்பினாள். நாலைந்து மாதம் வெறும் சிலிண்டர் மூலையில் நின்றிருந்ததாம். அப்புறம் சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தாள். திண்டுக்கல்லுக்கு வந்து கண்ணுக்குப் பார்த்துக் கண்ணாடி போட்டுக்கொண்டாள். பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் முட்டை. ஒரு வெள்ளாட்டுக் குட்டி. பெரிதாக ஒன்றும் இல்லை, தங்கம் வாங்கவில்லை, மாடி கட்டவில்லை. ஆனால் அடுத்த கார்த்திகையில் நான் வழக்கம் போல அன்பாகப் போய், செலவுக்கு வேண்டுமா என்று கேட்டபோது, புதுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். "வேண்டாம் மொதலாளி. மாசியில வாங்க, கூலி பேசிக்குவோம்" என்றாள். தெருவில் பாதிப் பேர் அதையே சொன்னார்கள். எனக்குப் பகீரென்றது. அந்த ஆயிரம் ரூபாய் அவர்களுக்குச் சோறு போட்டுவிடவில்லை. மழை மாதத்தில் என்னிடம் வேண்டாம் என்று சொல்லும் தைரியத்தைக் கொடுத்திருந்தது. அவர்கள் விரலுக்கு நான் போட்டிருந்த கயிறு அறுந்துவிட்டது.

பேட்டையில் அந்த வருடம் எல்லோரும் ஒரே பாட்டுத்தான். சும்மா காசு கொடுத்து சனங்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள், இனி எவள் வேலைக்கு வருவாள் என்று. அதில் என் குரல்தான் பெரிய குரல். இதைச் சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது, பாப்பா. நான் சொந்தக் காலில் நின்று முன்னேறியவன் என்று உன்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். என் அப்பா செத்த பிறகு என் அம்மாவுக்கு அரசாங்கம் விதவைப் பணம் கொடுத்தது. மணியார்டரில் வரும், கைநாட்டு வைத்து வாங்குவாள். அதில் மிச்சம் பிடித்து அவள் கொடுத்த காசில்தான் நான் முதல் மூன்று மூட்டைப் புளி வாங்கினேன். யாரும் என் அம்மாவைச் சோம்பேறி என்று சொல்லவில்லை. இந்தச் சங்கதியை நான் இதுவரை எவரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடம்கூட.

கயிறு அறுபடாமல் என் கையில் இருந்தவள் பஞ்சவர்ணம் ஒருத்திதான். அவள் கணவன் பெருமாள் அந்த வருடம் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டுப் படுத்திருந்தான். பெரியாஸ்பத்திரியில் பார்த்தார்கள். எலும்பு சேர்ந்துவிடும், ஆனால் வாரத்தில் இரண்டு நாள் வந்து காலுக்குப் பயிற்சி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் சூம்பிவிடும் என்றார்கள். பயிற்சிக்குப் பணம் இல்லை, இலவசம். ஆனால் நடக்க முடியாதவனை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும், கூட இவள் போக வேண்டும், போகிற நாளில் புளி தட்ட முடியாது. மாதத்தில் எட்டு நாள் கூலி போய்விடும். அவளுக்கு அந்த ஆயிரம் எதற்கு வேண்டியிருந்தது என்றால் இதற்குத்தான். வேலைக்குப் போகாமல் சில நாள் கணவனோடு இருப்பதற்கு.

நீ விடவில்லை. இ-சேவை மையத்துக்கு அவளைக் கூட்டிப்போய் மேல்முறையீடு போட்டாய். வீட்டுக்கு வந்து என்னிடம், "அப்பா, அவங்க பேருல ஏதோ வண்டி இருக்குன்னு வருதாம். அவங்களுக்கு ஏதுப்பா வண்டி?" என்று கேட்டாய். நான் செய்தித்தாளை மடிக்காமலே, அவள் கொழுந்தன் திருப்பூரில் இருக்கிறான், அவன் வாங்கி அண்ணி பேரில் போட்டிருப்பான் என்றேன். அப்படியானால் சட்டப்படி கிடைக்காதே என்று சொல்லிவிட்டு நீ வருத்தத்தோடு உள்ளே போனாய். நான் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. அந்தப் பெரிய பொய் இதுதான்.

இதைவிடக் கேவலமானது அதற்குப் பத்து நாள் கழித்து நடந்தது. மேல்முறையீட்டை விசாரிக்க ஒரு பையன் வந்தான். சின்ன வயசு, புதுசாக வேலைக்கு வந்தவன், வெயிலில் முகமெல்லாம் சிவந்திருந்தது. அன்று நான் அந்தத் தெருவில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். வண்டி அவன் கண் முன்னால் நின்றது. நம்பரைத் தன் தாளில் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், வெள்ளைச் சட்டை போட்ட என்னைப் பார்த்தான். "அய்யா, இந்த வண்டி யாருது?" என்றான். பஞ்சவர்ணம் இரண்டு கை தூரத்தில் புளிக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே பெருமாள் படுத்திருந்தான். என்னுடையது என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். சொன்னால் மானியத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், வங்கியில் பெயர் கெடும், புரோக்கர் மாட்டினால் என்னையும் இழுப்பான். இதையெல்லாம் அந்த ஒரு மூச்சுக்குள் கூட்டிக் கழித்துவிட்டேன். இன்னொன்றும் அந்தக் கணக்கில் இருந்தது. இவளுக்கும் பணம் வந்துவிட்டால் கார்த்திகையில் இவளும் வேண்டாம் என்பாள். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் இருந்தது.

"அந்தம்மாதுதான் சார். எனக்கு வாடகைக்கு ஓடுது" என்றேன்.

பஞ்சவர்ணம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து தட்ட ஆரம்பித்தாள். அந்தப் பையன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சொன்னதை எழுதிக்கொண்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவன் உன்னைப் போல நல்ல பையன். ஊரில் விவரமான ஆள் ஒருவரைக் கேட்டான், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு தெரு அவளைச் சும்மா விடவில்லை. வண்டி வாடகைக்கு விட்டுச் சம்பாதித்துக்கொண்டே இல்லாதவள் மாதிரி விண்ணப்பம் போட்டவள் என்று பேர். குழாயடியில் குடத்தை வைத்தால், "வண்டிக்காரம்மா வந்துட்டாக, தள்ளி நில்லுங்கடி" என்று செல்லத்தாயி நகர்வாளாம். ரேசன் கடையில், "ஒனக்கென்னத்தா, டீசல் அடிக்கிற ஆளு" என்பார்களாம். நல்லது கெட்டதுக்குக் கைமாற்றுக் கேட்டால் வண்டியை விற்கச் சொன்னார்களாம். இதெல்லாம் என் காதுக்கும் வந்தது. நான் சிரித்துக்கொண்டேன். அவள் கார்த்திகையில் என்னிடம் முன்பணம் வாங்கினாள், மாசியில் பழைய கூலிக்குத் தட்டினாள், மற்றவர்கள் ஒதுக்கிய மூட்டையையும் சேர்த்துத் தட்டினாள். பெருமாளைப் பயிற்சிக்கு மூன்று முறை கூட்டிப் போனாள், அதோடு நின்றுவிட்டது. இப்போது அவன் கம்பு ஊன்றி நடக்கிறான். இடது கால் சூம்பிப் போய், இழுத்துக்கொண்டுதான் வருகிறது.

நீ ரசம் ஊற்றிக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்ன மறுநாள் காலையில் நான் அவள் வீட்டுக்குப் போனேன். திருந்தியவனாகப் போனேன் என்று நினைத்துவிடாதே. வியாபாரியாகத்தான் போனேன். அரசாங்கம் கொடுக்காத ஆயிரத்தை நான் மாதா மாதம் கொடுத்துவிடுகிறேன், இதுவரை விட்டுப்போனதையும் சேர்த்துக் கொடுக்கிறேன், வண்டிப் பேச்சை மட்டும் எடுக்க வேண்டாம், மகள் வேலையில் சேரப் போகிறாள் என்று சொன்னேன். இதைவிட நியாயமான பேரம் உண்டா என்று எனக்குள் நினைப்பு. பஞ்சவர்ணம் புளிக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பெருமாள் கட்டிலில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது வேற ஆயிரம், இது வேற ஆயிரம் மொதலாளி" என்றாள். "அது வந்தா நான் யாருக்கும் கும்புடு போட வேண்டியதில்ல. எவன் மூட்டையும் என் வாசல்ல வந்து நிக்காது. ஒங்க ஆயிரத்த வாங்குனா மாசம் பூராம் ஒங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும்."

அப்படியானால் என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்டேன். கொஞ்சம் எரிச்சலோடுதான் கேட்டேன்.

"அன்னைக்கு அந்தச் சார்கிட்ட ஒங்க வாயாலதான சொன்னீக. அதே வாயால இந்தத் தெருவுல சொல்லுங்க. காசு வருதோ வரலையோ, நான் களவாணி இல்லன்னு இவளுக தெரிஞ்சுக்கிறட்டும்."

"இம்புட்டு நாளு நீ ஏம்மா வாயத் தொறக்கல?" என்றேன். இப்படி ஒரு கேள்வியைக் கேட்கவும் எனக்கு நாக்கு இருந்திருக்கிறது பார்.

"தொறந்தா மழைக்கு யாரு குடுப்பா?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பெருமாள் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நான் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கடைக்குப் போகவில்லை. உன்னிடம் காய்ச்சல் என்று சொன்னேன், நீயும் கசாயம் வைத்துக் கொடுத்தாய். உன் கையால் அதை வாங்கிக் குடிக்க எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப்பார். வியாபாரத்தில் நான் எத்தனையோ பேரிடம் அவமானப்பட்டிருக்கிறேன். கடை வாசலில் நிற்க வைத்துத் திட்டியிருக்கிறார்கள், செக் திரும்பி வந்து ஆட்களோடு வந்து சத்தம் போட்டிருக்கிறார்கள். அதெல்லாம் வெளியிலிருந்து வருவது, துடைத்துவிட்டுப் போய்விடலாம். இது அப்படித் துடைபடவில்லை.

மூன்றாம் நாள் ரேசன் கடையில் அரிசி போடுகிற நாள். தெருவே வரிசையில் நிற்கும். அங்கே போனேன். என்னைப் பார்த்ததும், மொதலாளி ரேசனுக்கே வந்துட்டாரு என்று சிரித்தார்கள். நான் நேராகச் சொல்லிவிட்டேன். குட்டியானை என்னுடையது, பஞ்சவர்ணத்திடம் கையெழுத்து வாங்கி அவள் பேரில் எடுத்தவன் நான், மானியத்தைத் தின்றவன் நான், விசாரணைக்கு வந்த பையனிடம் பொய் சொன்னவனும் நான், அவள் ஒரு ரூபாய் வாடகை வாங்கியதில்லை. நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தேன். எடை போடுகிறவர் அரிசியை அப்படியே நிறுத்திவிட்டார். பஞ்சவர்ணம் வரிசையின் நடுவில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். செல்லத்தாயிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இம்புட்டு நாளும் நாங்க இவளத்தான வண்டிக்காரம்மான்னோம். இனி ஒங்கள என்னன்னு கூப்புடுறது மொதலாளி?"

சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டால் எல்லாம் லேசாகிவிடும் என்று உதடு வரை வந்தது. சிரிக்கவில்லை. செல்லத்தாயியும் சிரிக்கவில்லை. வரிசையை விட்டு விலகிப் போய்ப் பஞ்சவர்ணத்தின் பக்கத்தில் நின்றாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. பஞ்சவர்ணம் அவள் பக்கம் திரும்பவில்லை, மூக்கைச் சிந்திவிட்டு நேரே பார்த்துக்கொண்டு நின்றாள். மன்னிப்பதற்கும் அவளுக்கு நாள் வேண்டும். எனக்கு அதைக் கேட்கிற உரிமையே இல்லை.

மறுநாள் தாலுகா அலுவலகத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். வங்கியிலும் எழுதிக் கொடுத்து மானியத்தைத் திருப்பிக் கட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வட்டியோடு கேட்பார்கள், கட்டத்தான் வேண்டும். வண்டியை என் பேருக்கு மாற்றவும் கொடுத்துவிட்டேன். பஞ்சவர்ணம் புதிதாக விண்ணப்பம் போட்டிருக்கிறாள். கிடைக்கும் என்றுதான் அலுவலகத்தில் சொல்கிறார்கள், எப்போது என்று சொல்லவில்லை. கிடைத்தாலும் விட்டுப்போன மாதங்கள் வராது. பெருமாளின் காலும் வராது. இந்த மாசியில் கூலியை மாசியில்தான் பேசினேன். அவர்கள் கேட்டதில் பெரிதாகக் குறைக்கவில்லை. லாபம் குறைந்தது, கடை மூழ்கிவிடவில்லை. இதை எப்போதோ செய்திருக்கலாம் என்பதும் ஒரு வெட்கம்தான்.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் என்று ஒரு வேலை இருக்கிறதே. நீ போகிற ஊரிலும் வெள்ளைச் சட்டை போட்டு ஒருவன் உன்னை வரவேற்பான். நாற்காலி போடச் சொல்வான், இளநீர் வெட்டச் சொல்வான், ஊரில் யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று விரல் நுனியில் வைத்திருப்பான். அவன் சொல்வதில் பத்துக்கு ஒன்பது உண்மையாகவே இருக்கும். நானும் ஒன்பது உண்மை சொல்கிறவன்தான். நீ, குனிந்து புளி தட்டிக்கொண்டிருக்கிறவளின் பக்கத்தில் போய் உட்கார். அவனை அனுப்பிவிட்டுக் கேள். உடனே சொல்ல மாட்டாள், மழைக்கு யார் கொடுப்பார் என்று யோசிப்பாள். அவள் யோசித்து முடிக்கிற வரை எழுந்துவிடாதே. உனக்கு வெயில் அடிக்கும், அடுத்த வீட்டுக்கு நேரமாகும், அடிக்கட்டும், ஆகட்டும். காசு அவள் கைக்குப் போவது பலருக்குப் பிடிக்காது. பிடிக்காதவர்கள் யாரும் கெட்டவர்கள் மாதிரி இருக்க மாட்டார்கள், வடை வாங்கிக் கொடுக்கிறவர்கள் மாதிரிதான் இருப்பார்கள்.

நேற்று எனக்குத் தாலுகா அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் எழுதிக் கொடுத்ததைப் பற்றி நேரில் விசாரிக்க வேண்டும், வரும் திங்கட்கிழமை காலையில் வா என்று இருக்கிறது. நீ வேலையில் சேருகிற நாளும் அதுதான். உன்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வாசலில் நின்று உன் பெயர்ப்பலகையைப் போட்டோ எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தேன். அம்மா வருவாள், அவளோடு போ. விசாரணையில் என்ன ஆகும் என்று தெரியவில்லை. கேஸ் என்றாலும் நான் நின்றுகொள்கிறேன். அதிகாரியின் அப்பா என்று நான் எந்த இடத்திலும் வாயைத் திறக்க மாட்டேன். நீயும் யாருக்கும் போன் போட்டுச் சொல்லாதே. உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், ஒரு மாதம் பேசாமல் இருந்தாலும் இரு.

அன்றைக்குப் பஞ்சவர்ணத்தையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். நம் வண்டியில் கூட்டிப் போகிறேன் என்றேன். வேண்டாம், பஸ்ஸிலேயே வாரேன் என்று சொல்லிவிட்டாள். முதலில் அவளைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்களாம். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். அவள் உள்ளே என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்கவும் இல்லை.

உன்
அப்பா